தேத்தண்ணிக்கு முந்தின ஒரு மணி நேரம்

பூரணி அக்காவுக்கு நத்தை என்று பேர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால் நழுவிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே ஆட்டோ ஓட்டுகிறேன். கஜேந்திரன் என்றால் யாருக்கும் தெரியாது, ஆட்டோக்காரன் என்றால் பச்சைப் பிள்ளையும் கை காட்டும். வரிசை வீடுகளான மேல் லயத்தில் நாலாவது காம்பரா என்னுடையது, ஐந்தாவது முத்துலிங்கம் கங்காணியுடையது. நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் வீட்டில் என் மனைவி ஷாமிலா "நூறு வயசு" என்பாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பக்கத்து வீட்டில் நடந்தது எங்களுக்குத் தெரியாமல் போனது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பூரணி அக்கா கங்காணியின் சம்சாரம். ஒரே மகள் வினோதா கொழும்பில் தையல் ஆலையில் இருக்கிறாள். ஒரு காலத்தில் அக்கா கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் ரெண்டு கையும் செடி மேல் நிற்காது. ஒரு நிரையில் மற்றவர்கள் பாதி தூரம் போவதற்குள் இவள் மறுமுனையில் நின்று, தலைக்கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டு, "என்னாங்கடி, இன்னும் வரலயா?" என்று சத்தம் போடுவாள். அந்தக் குரல் ரோட்டில் போகும் எனக்கே கேட்கும்.

அந்தக் கைதான் ரெண்டு வருஷத்துக்குள் மெல்ல மெல்ல ஓய்ந்தது. உடம்பு ஊதியது. முகம் எப்போதும் அழுது முடித்த முகம் மாதிரி இருந்தது. குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. வெயில் அடிக்கும்போதும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருது என்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவாள். கழுத்து தடித்தது. அதை மட்டும் யாரும் பெரிசாக எடுக்கவில்லை. தலையில் கயிற்றைப் போட்டு முதுகில் கூடை சுமக்கிற பெண்களுக்குக் கழுத்து தடிக்கும், கயிறு இழுத்த வீக்கம் அது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. எண்ணெய் போட்டு உருவி விடச் சொன்னார்கள். உருவினார்கள். வீக்கம் பாட்டுக்கு வளர்ந்தது.

நான் காலையில் பெரட்டுக்களத்து ஓரமாகத்தான் ஆட்டோவை நிறுத்துவேன். ஆறரைக்கு நாற்பது பெண்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, எந்த நிரை என்று பிரித்து விடுவார். ஒருநாள் எல்லாரும் வந்த பிறகு பூரணி அக்கா கடைசியாகப் படியில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஏறி வந்தாள். நான் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி, "வழி விடுங்க, வழி விடுங்க, நத்தை வருது!" என்றேன்.

களமே சிரித்தது. கங்காணியும் சிரித்தார். நல்ல பகிடி சொன்ன சந்தோஷத்தில் அன்று முழுக்க எனக்கு உற்சாகம். ஒரு வாரத்தில் அந்தப் பேர் மலைக்குப் போய், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய், வீட்டுக்குள்ளேயும் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணியே "ஏய் நத்தை, வெந்நி எங்க?" என்று கேட்பது என் காதில் விழும்.

அவரையும் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன். குற்றம்தான். ஆனால் காரணம் இருந்தது. கங்காணி வேலை கிடைத்த புதிதில், பொண்டாட்டிக்கு மட்டும் லேசான நிரை கொடுக்கிறான் என்று யாரோ ஆபீசில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த வீம்பு. பள்ளமான இடம், அட்டை கடிக்கிற இடம், கல்லு இடம் எல்லாம் பூரணி அக்காவுக்கே போகும்.

ஆடி மாதம் ஒரு நாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு ஈரக்காற்று மட்டும் மலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ரோட்டில் நான் ஆட்டோ டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே கங்காணியின் சத்தம் கேட்டது.

"எல்லாரும் நிரைய முடிச்சிட்டாளுக. ஒனக்கு இன்னும் பாதி கெடக்கு. வேலைக்கி வந்தியா, தூங்க வந்தியா?"

அக்கா என்ன சொன்னாளோ, கேட்கவில்லை.

"மூச்சு வாங்குதாம்ல மூச்சு! நாப்பது பேருக்கும் வாங்காத மூச்சு ஒனக்கு மட்டும் எங்கேருந்து வாங்குது? எறங்கு. வீட்டுக்குப் போ. நத்தைய வச்சிக்கிட்டு நான் இந்த மலைய முடிக்க ஏலாது."

யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா கூடையோடு ரோட்டுக்கு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். மதகுக் கட்டில் உட்கார்ந்து, அப்படியே சரிந்து படுத்தாள். நான் டயரை மாட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அசையாமல் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மூச்சு இருந்தது. ஆட்டோவில் ஏற்றித் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனேன், வழியில் கண் விழித்தாள். மருந்தையா அவளை உட்கார வைத்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தார்.

"ஒரு மடக்கு முழுங்கும்மா."

அவள் விழுங்கினாள். அந்த வீக்கம் தொண்டையோடு மேலே ஏறி இறங்கியது.

"இது கூடைக்கயிறு வீக்கம் இல்லப்பா. கழலை. தைரொயிட்டு. எத்தன நாளா இருக்கு? யாருமே பாக்கலியா?" என்று மருந்தையா என்னைக் கேட்டார்.

அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு மறுவாரம் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஓட்டினேன், பின்னால் அக்காவும் கங்காணியும். ரத்தம் எடுத்தார்கள், கழுத்தை ஸ்கேன் பார்த்தார்கள். மறுபடி ஒரு நாள் வரச்சொல்லி, லக்சனா என்ற டொக்டரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். றிப்போட்டைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் எப்பிடி இவ்வளவு நாளும் மலையில ஏறி வேலை செய்தனீங்கள்? ரத்தத்தில அஞ்சுக்குள்ள இருக்கவேண்டிய அளவு உங்களுக்கு எண்பதுக்கு மேல கிடக்கு."

"எண்பதுன்னா நல்லதுங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லையம்மா. கழுத்தில இருக்கிற சுரப்பி ஒழுங்கா வேலை செய்யேல்லை. உங்கட உடம்பே அதோட சண்டை பிடிக்குது. அது ஏலாமல் ஏலாமல் வேலை செய்யப் பாத்துத்தான் இப்பிடி வீங்கிக் கிடக்கு. அது சுரக்கிறது குறைஞ்சால் உடம்பில எல்லாமே மெதுவாகிடும். நெஞ்சுத்துடிப்பு, குடல், நினைவு, நடை எல்லாம். குளிரும். நித்திரை வரும். குரல் தடிக்கும்."

ஆட்டோக்காரன் புத்தி எனக்கு. ஐட்லிங் குறைந்த எஞ்சின் என்று விளங்கிக்கொண்டேன். எவ்வளவு முறுக்கினாலும் இழுக்காது.

கங்காணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"டொக்டரம்மா, அப்ப இது வந்து... சோம்பேறித்தனம் இல்லீங்களா?"

"சோம்பலோ?" டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இது வருத்தம் ஐயா, நோய். இந்த அளவில வேற ஆக்கள் எண்டால் படுக்கையை விட்டே எழும்பியிருக்க மாட்டினம்."

கங்காணி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் நான் என்பதால் எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் கூட்டம். அங்கே இருந்த அம்மா சிங்களத்தில் "ஹிஸ் படட்ட, வத்துரத் எக்க" என்று சொல்லிக் குளிசை உறையை நீட்டினார். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. சிங்களம் எனக்குத் தமிழ் மாதிரி. மூன்று பேரில் நான்தான் துவிபாஷி.

"என்னடா சொன்னாங்க?" என்றார் கங்காணி.

"காலையில வெறும் வயித்துல குடுக்கணுமாம்ணே."

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணியெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியாண்ணே? ரொட்டிக்கு முன்னாடி குடுங்க, போதும்."

இதுதான் நான் செய்தது. தண்ணீரோடு என்று அந்த அம்மா சொன்னதை விழுங்கினேன். வேண்டுமென்று இல்லை. எங்கள் பக்கத்தில் எழும்பி வாய் கொப்பளித்ததும் தேத்தண்ணி. அது உள்ளே போன பிறகுதான் மனிதனுக்கு நாளே ஆரம்பிக்கும். மூன்று கோப்பை குடித்தவனிடம் கேட்டாலும் "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, வெறும் வயிறு" என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புதுச் சத்தம். கேத்தல் மூடி கீழே விழுந்து உருண்டது. அடுப்படிச் சாமான் எது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆள் தடவும் சத்தம். "என்னாங்க பண்றீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நீ படு. நான் ஊத்துறேன்."

ஷாமிலா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "கங்காணி தேத்தண்ணி ஊத்துறாராம்! மழை வரப் போவுது."

பால் இல்லாத வெறும் சாயமும் இல்லை. பால்மா ரெண்டு கரண்டி, இஞ்சி தட்டிப் போட்டு, ஆற்றி, குளிசையை அவள் உள்ளங்கையில் வைத்து, "வாயத் தொற... போட்டுக்க... சூடு, ஊதிக் குடி" என்று ஒரே கவனிப்பு. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. அவருக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் எழும்பினார். மலையில் அக்காவுக்கு ரோட்டோரமாகச் சமமான நிரையைக் கொடுத்தார். முணுமுணுத்தவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோவா என்கிற முட்டைக்கோஸ் தின்றால் கழலை வளரும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த கோவாப் பாத்தியை ஒரே மூச்சில் பிடுங்கினார். அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் கோவா தின்றோம்.

ஒன்றும் பலிக்கவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. கிளினிக்கில் குளிசையின் அளவைக் கூட்டினார்கள். அக்கா அதே தூக்கம், அதே ஊத்தம். கழுத்து இன்னும் பெருத்தது. இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று மூன்று தலையணை வைத்துப் படுத்தாள். ஒரு காலை சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணியின் குரல் உயர்ந்தது.

"உண்மையச் சொல்லு. நான் அங்கிட்டுத் திரும்பையில குளிசையத் துப்பிடுறியா?"

"ஒங்க கண்ணு முன்னாடிதானே முழுங்குறேன்."

"அப்ப ஏன்டி கேக்க மாட்டேங்குது?"

கொஞ்ச நேரம் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு மலையில அத்தன பேருக்கு முன்னாடி ஒன்னயக் கேவலப்படுத்தினேன்ல. அந்தப் பாவந்தான். வேற ஒண்ணுமில்ல."

ஷாமிலா என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோவைத் துடைக்க வேண்டும் என்று வெளியே போனேன்.

தை பிறந்து மூன்றாம் கிழமை மறுபடி கிளினிக். டொக்டர் லக்சனா றிப்போட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். அக்காவின் பின்னால் வந்து நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கோ. அப்பிடியே வச்சிருங்கோ."

அக்கா தூக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, மூச்சுக்குத் தவித்தாள். டொக்டர் கையைப் பிடித்து இறக்கினார்.

"கழலை உள்ளுக்க மூச்சுக்குழாயை அமத்துது. குளிசையும் கேக்கேல்லை. இப்பிடியே போனால் கண்டிக்கு அனுப்பி வெட்டி எடுக்கிறதைப் பற்றித்தான் யோசிக்கோணும்."

"கழுத்தையா?" அக்கா ரெண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டாள். "வேணாங்க அம்மா. கத்தி மட்டும் வேணாம். நான் இப்படியே இருந்துக்கிறேன்."

டொக்டர் உடனே ஒன்றும் எழுதவில்லை. பேனையை விரலில் உருட்டிக்கொண்டே, "குளிசையை எப்பிடிப் போடுறீங்கள்? ஒருக்கா எனக்கு வடிவாச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த அறையில் கங்காணி தலை நிமிர்ந்தது அப்போதுதான். இந்த ஒரு விஷயத்திலாவது தான் குறை வைக்கவில்லை என்கிற நிமிர்வு.

"நானே என் கையால குடுக்கிறேங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பால் போட்டு, இஞ்சி தட்டி, நல்லாச் சூடாத் தேத்தண்ணி ஊத்தி, அந்தத் தேத்தண்ணியிலயே குளிசையப் போட்டு முழுங்க வச்சிருவேங்க. ஒரு நாள் தப்புனது இல்ல. வெறும் வயித்துலதாங்க."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, தேத்தண்ணியும் பாலும் இந்தக் குளிசையை உடம்பில சேர விடாது. நீங்கள் குடுத்ததில அரைவாசிகூடச் சேந்திராது. வெறும் தண்ணியோட மட்டும்தான் போடோணும். போட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தேத்தண்ணி. இரும்புச்சத்துக் குளிசை ஏதும் குடுத்தால் அதை நாலு மணித்தியாலம் தள்ளிக் குடுங்கோ. விளங்குதோ?"

கங்காணிக்கு விளங்கியது. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் உங்களுக்குத் தேத்தண்ணியோட குடுக்கச் சொன்னது?" என்றார் டொக்டர்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். கங்காணி ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் குடுத்தேன்."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர், பழைய அளவுக் குளிசையையே ஒழுங்காகத் தண்ணீரில் கொடுத்து, ஆறு கிழமை கழித்து ரத்தம் பார்ப்போம், வெட்டுகிற கதையை அதுவரை தள்ளி வைப்போம் என்றார். "கோவாவும் தின்னலாம், அவிச்சுத் தின்னுங்கோ" என்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நானுஓயா இறக்கத்தில் பனிமூட்டம். லைட்டைப் போட்டு மெதுவாக இறக்கினேன். பின்னால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒன்னயக் கொல்லப் பாத்திருக்கேன் பூரணி," என்றார் கங்காணி. "மலையில ஒரு தடவ. வீட்டுல தெனமும்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்ல?"

ஆட்டோ ரெண்டு வளைவு தாண்டியது.

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"தேத்தண்ணியில குடிக்கக் கூடாதுன்னு. கார்த்திகையில கிளினிக்கு வந்தப்ப ஒக்கார்ற வாங்குல பக்கத்துல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அவங்களும் இதே குளிசைதான். தண்ணியிலதான் போடணும், தேத்தண்ணி பெறகுதான்னு சொன்னாங்க."

நான் பிரேக்கை அமுக்கியது எனக்கே தெரியாது. ஆட்டோ ஓரமாக நின்றது. யாரும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"மனசு வரலங்க." கரகரத்த அந்தக் குரல் இன்னும் இறங்கியது. "இருவத்தி மூணு வருசம். வினோதாவப் பெத்து மூணாம் நாளு, நான்தான் எந்திரிச்சு ஒங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துனேன். இடுப்பு நிக்கல, சொவத்தப் புடிச்சிக்கிட்டு ஊத்துனேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்கு யாரு ஊத்தித் தந்தா? இப்பத்தான் நீங்க காலையில கோப்பையக் கொண்டாந்து கையில குடுத்து, ஊதிக் குடின்னு சொல்றீங்க. டீச்சரம்மா சொன்னதச் சொன்னா நீங்க நிறுத்திருவீங்கள்ல? குளிசை கெடக்கட்டும்னு இருந்துட்டேன். இவ்வளவு தூரம் போவும்னு நெனக்கல. கத்தின்னதும்தான் நடுங்கிப்போச்சு."

"பைத்தியக்காரி," என்றார் கங்காணி. "கழுத்த அறுக்கப் போறாங்கடி, பைத்தியக்காரி." அவர் அழுதார். தோட்டத்தில் கங்காணி அழுது யாரும் பார்த்ததில்லை. நான் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தேன். "தண்ணியக் குடுத்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஊத்தித் தர மாட்டேன்னா நெனச்ச?"

"ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க பெரட்டுக்குப் போற அவசரத்துல நிப்பீங்க."

நான் ஆட்டோவை எடுத்தேன்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நாலரைக்கே ஆள் நடமாட்டம். கேத்தல் சத்தம் இல்லை. குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கிற சத்தம் மட்டும். "போட்டுக்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு மணி நேரம் ஒரு வேலையும் இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் அந்த ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு வெறும் நேரம் கிடைத்ததே இல்லை. முதல் ரெண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். அவர் இருமுவார், அவள் போர்வையை இழுப்பாள். பிறகு பேச்சு வந்தது. வினோதாவின் சம்பந்தம், கூரைத் தகரத்து ஓட்டை, யார் வீட்டு ஆடு கீரைப் பாத்தியில் மேய்ந்தது. பெரிய பேச்சு ஒன்றுமில்லை. ஐந்தரைக்குக் கேத்தல் மூடி சத்தம் கேட்கும். "இப்பக் குடிக்கலாம்" என்பார். இப்போது மூடி கீழே விழுவதில்லை.

பங்குனியில் ரத்தம் பார்த்தார்கள். எண்பதில் நின்றது பதினாலுக்கு இறங்கியிருந்தது. டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, மெத்தென்று ஆகியிருக்கிறது, இப்போதைக்கு வெட்டுகிற கதை வேண்டாம், குளிசை மட்டும் சாகும்வரை நிறுத்தக் கூடாது என்றார்.

றிப்போட் நல்லபடியாக வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதற்கு முன்னால் வரவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கங்காணி கடைக்குப் போயிருந்தார். அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முகத்து ஊத்தம் வற்றி, பழைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. நான் வாசல்படியில் குந்தினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். தேத்தண்ணியில குடுத்தா பரவாயில்லன்னு அண்ணன்கிட்ட சொன்னது நாந்தான்."

"தெரியும்டா. நீ சொல்றப்ப நான் பக்கத்துலதான நின்னேன்."

"டொக்டர் கேட்டப்ப அண்ணன் என்னயக் காட்டிக்குடுக்கல. நானும் வாயத் தொறக்கல."

"தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்தேன்." ரொட்டியைக் கல்லில் போட்டாள். "தேத்தண்ணிய விடு. தெரிஞ்சும் குடிச்சவ நான். அதுல எனக்கும் பங்கு இருக்கு. ஒன்னயக் கோவிச்சிக்கிட்டா என்னயும்தான் கோவிச்சிக்கணும்."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. எழும்பப் பார்த்தேன்.

"ஒக்காரு. இன்னும் முடியல," என்றாள். "நத்தைன்னு ஒரு பேரு வச்சியே. அது?"

நான் உட்கார்ந்தேன்.

"காலையில எந்திரிக்க ஏலாது தம்பி. காலு ரெண்டும் என்னோடது மாதிரியே இருக்காது. இழுத்து இழுத்து மலை ஏறுவேன். பின்னாடி அந்தப் பேரச் சொல்லிச் சிரிப்பாளுக. அந்த மனுசன் வீட்டுலயும் அதச் சொல்லியே கூப்பிட்டாரு. ஒரு கட்டத்துல நானே நம்பிட்டேன்டா, நான் சோம்பேறிதான், எனக்கு உடம்பு வளையலன்னு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கேக்கணும்னு தோணல. சோம்பேறி எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேப்பா?"

அவள் அழவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"இந்த அடுப்படியில வந்து சொன்னா? பேர எங்க வச்சியோ அங்க வந்து சொல்லு."

ரொட்டியும் சம்பலும் தந்தாள், தேத்தண்ணியும் ஊற்றித் தந்தாள். குறை வைக்கவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆறரைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பெரட்டுக்களத்துக்குள் இறங்கினேன். நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். பேர் கூப்பிடுவதற்காகக் கங்காணி கொப்பியை விரித்து வைத்திருந்தார். ஆட்டோக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லாரும் பார்த்தார்கள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுமே வரவில்லை.

"பூரணி அக்காவுக்கு நத்தைன்னு பேரு வச்சது நான்," என்றேன். "அவங்க சோம்பேறி இல்ல. அவங்களுக்கு வியாதி. அது தெரியாம நான் பகிடி பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது. இனிமே யாரும் அந்தப் பேரச் சொல்லாதீங்க."

ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பேரைச் சொன்னவர்கள்தான். பூரணி அக்கா பின்வரிசையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கங்காணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துலிங்கம் கங்காணி தொப்பியைக் கழற்றினார்.

"இவன் ஒரு தடவதான் சொன்னான்," என்றார். "அதுக்குப் பெறகு வாய் ஓயாமச் சொன்னது நான். மலைய விட்டு எறக்கி விட்டதும் நான். தப்பு என் மேல." கொப்பியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பேராக, வரிசை மாற்றி, அவள் பேரைக் கூப்பிட்டார்.

"பூரணி."

பதில் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துண்டைச் சரி பண்ணிக்கொண்டு பேசாமல் நின்றாள். அவர் கொப்பியை இறக்கி, அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி கூப்பிட்டார்.

"பூரணி."

"இருக்கேன்," என்றாள்.